கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்

"அதை எங்கங்க சிஸ்டர் கொண்டு போனீங்க?"

கருத்தடைக்குப் போட்ட காப்பர் டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த பெண் கேட்டது இது. டாக்டர் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அவள் போகாமல் சேலை மடிப்பில் ஊக்கைக் குத்தியபடி நின்றாள். எது என்று நான் கேட்கவில்லை. பத்து வாரத்தில் கருவைக் கலைத்தவள், காப்பர் டியும் அன்றைக்கே போட்டதுதான்.

"மஞ்சள் கவர்ல போட்டு வெச்சிருவோம் கண்ணு. வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். அங்க எரிச்சிருவாங்க" என்றேன்.

"எரிச்சிட்டாங்களா?" என்றாள். அப்புறம், "சின்னப் புள்ளைய எரிக்க மாட்டாங்களே சிஸ்டர். பொதைக்கத்தானே செய்வாங்க?"

அவள் சொன்னது சரிதான். பெரியவர்களை எரிக்கும் வீடுகளில்கூடக் குழந்தை இறந்தால் புதைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நிறைமாதத்தில் இறந்து பிறந்தால் துண்டில் சுற்றித் தகப்பன் கையில் கொடுத்துவிடுவோம். பத்து வாரத்துக்கு அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் அதை உடல் திசுக்களோடு சேர்த்து மஞ்சள் பையில்தான் போடச் சொல்கின்றன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்துவருகிறேன். அதில் ஒரு கேள்வி இருக்கிறது என்று அவள் கேட்கும்வரை எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? புதைச்சிட்டோம்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதானே" என்றார் எங்கள் ஹெட் சிஸ்டர். முப்பது வருஷம் பிரசவ வார்டு பார்த்தவர், எளிதாகத் தள்ளிவிட முடியாத வார்த்தை. ஆனாலும் இந்தப் பெண்களைச் சுற்றி ஏற்கெனவே எத்தனை பொய்! இவள் வீட்டில் அது "வயித்துக் கட்டி". கம்பெனியில் "காய்ச்சல்". உண்மை தெரிந்த இடம் ஒன்றுதான், அங்கேயும் பொய்யா? அதனால்தான் சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றும். எங்கே போச்சு என்று கேட்டவளுக்கு வேண்டியிருந்தது அந்த இடத்தின் விவரம்தானா? "ஏன் கண்ணு கேக்கற?" என்று முதலில் கேட்டிருக்கலாமோ?

அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு பிள்ளைகள், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின், முன்பு போட்டிருந்த காப்பர் டி எப்போது விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சட்டப்படி 18 வயது முடிந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். புருஷன் கையெழுத்து வேண்டாம் என்றதும், "நல்லதாப் போச்சுங்க" என்று பேனாவை வாங்கிப் போட்டாள். அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதனால்தான் அவள் அழுததும் எனக்குக் குழப்பமாக இருந்தது. டிரஸ்ஸிங் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, "செஞ்சது தப்புன்னு தோணுதா?" என்றேன்.

"இல்லைங்க. இன்னொருக்கா வந்தாலும் இதத்தான் செய்வேன். ஆனா அழுகையா வருது. மெஷின்ல உக்காந்தா வருது. பஞ்சுத் தூசி கண்ணுல விழுந்துருச்சுன்னு சொல்லிக்கறேன்."

இதைக் கேட்க ஆள் இல்லை. அழுகிறாள் என்று தெரிந்தால், "பாத்தியா, அப்பவே சொன்னேன்" என்பார் ஒருவர். "நீயா கேட்டுத்தானே செஞ்ச, அப்புறம் என்ன?" என்பார் இன்னொருவர். எங்களுக்குத் தந்த பயிற்சியில் மாத்திரையின் அளவு உண்டு, ரத்தப்போக்கு எவ்வளவு என்றால் பயப்பட வேண்டும் என்பது உண்டு, அடுத்து என்ன கருத்தடை என்பது நிறையவே உண்டு. செய்த முடிவில் உறுதியாக இருந்துகொண்டே அழுகிறவளுக்கு என்ன சொல்வது என்பது இல்லை.

அமெரிக்காவில் 2008க்குப் பின் ஏறக்குறைய ஆயிரம் பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து விசாரித்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்திருக்கிறேன். கலைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அது சரியான முடிவு என்றே கடைசிவரை சொன்னார்கள். அதிகம் பேர் சொன்ன உணர்ச்சி நிம்மதி. இதை நான் நம்புகிறேன், நான் பார்த்த பெண்களும் அப்படித்தான். ஆனால் மெஷின் முன்னால் அழுகிறவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மனநலப் பிரிவுக்கு எழுதித் தரட்டுமா என்றேன். மறுத்துவிட்டாள். பயமெல்லாம் இல்லை. அந்தப் பிரிவின் சீல் ஆஸ்பத்திரி நோட்டில் விழுந்தால் மாமியார் பார்த்துவிடுவார். 14416 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். சீட்டைப் பார்த்துவிட்டு, "எங்க நின்னு பேசறதுங்க?" என்றாள். லைன் வீட்டில் ஒரே அறை. போன் புருஷனுடையது, சாயங்காலமானால் பையன் கையில். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சீட்டை மட்டும் மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

நாங்களாகக் கூப்பிட்டு விசாரிக்கவும் வழியில்லை. கலைத்தவளின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். 2021 திருத்தத்தில் அதற்கு ஓராண்டு வரை சிறை என்றும் சேர்த்தார்கள். நல்ல சட்டம், அது இல்லாவிட்டால் பல பெண்கள் ஆஸ்பத்திரிப் படியே ஏற மாட்டார்கள். ஆனால் அவளைக் காக்கிற அதே ரகசியம், எப்படி இருக்கிறாய் என்று நான் ஒரு போன் போடுவதையும் தடுத்துவிடுகிறது. எடுப்பது புருஷனாக இருந்தால் என்ன சொல்வது?

கிளம்பும்போது கேட்டாள். "கோயில்ல அதுக்கு ஒரு வெளக்குப் போட்டா தப்புங்களா?"

"போடு கண்ணு" என்றேன்.

ஹெட் சிஸ்டருக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். "வெளக்குப் போடச் சொல்லி அவளப் பாவம் செஞ்சவளா ஆக்கிட்ட. எரிச்சதச் சொன்னதுகூடப் பரவால்ல." இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பரிகாரம் கேட்கவில்லை, "அதுக்கு ஒரு வெளக்கு" என்றுதான் கேட்டாள். செத்தவர்களுக்கு நாம் விளக்கு வைப்பது பாவத்துக்காகவா? துக்கம் இருந்தால் துக்கம் காக்க ஓர் இடம் வேண்டும், அவளுக்கு அது கோயில். அப்படித்தான் அன்றைக்குச் சொன்னேன். ராத்திரி படுத்தபோது, அவள் அந்த விளக்கை வருஷா வருஷம் பயந்து பயந்து போடுகிறவளாக ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையும் வந்தது. அவள் எந்த மனசோடு போட்டாள், போட்டாளா என்பதே எனக்குத் தெரியாது. அடுத்த பரிசோதனைக்கு அவள் வரவில்லை. வேறு இடத்தில் பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு, கலைப்பு முடிந்து போகிற ஒவ்வொருவரிடமும், "மனசு எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்கத் தொடங்கினேன். சிலர் உட்கார்ந்து பேசினார்கள். சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். போன மாதம் ஒரு காலேஜ் பெண், தனியாக வந்தவள், என்னை நேராகப் பார்த்து, "நிம்மதியா இருக்கு சிஸ்டர். ஏன், இருக்கக் கூடாதா?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. நான் அவளைக் குற்றம் சாட்டுவதாகவே எடுத்துக்கொண்டாள். இருக்கலாம்மா, தாராளமா இருக்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கேட்பதை நான் நிறுத்தவில்லை. எப்படிக் கேட்பது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இப்போதைக்கு, "புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நான் இங்கதான் இருப்பேன், பேசணும்னா வா, பேசணும்னு இல்லைன்னா வர வேண்டாம்" என்கிறேன்.