அம்மாவின் கை மரத்துப்போன கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அம்மா முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறார். போன ஆடியில் வேலை குவிந்தபோது, நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதற ஆரம்பித்தார். ரத்த ஓட்டம் சரியில்லை என்று தெருவில் எல்லாரும் சொல்ல, தைலம் தேய்த்தே மூன்று மாதம் போய்விட்டது. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

டாக்டர் முதலில் கேட்டது, "சுண்டுவிரலும் மரக்குதாம்மா?" இல்லை. அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. இதற்குப் பெயர் கார்பல் டனல் சிண்ட்ரோம், மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் தொல்லை.

மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகலான வழி: கீழே எலும்புகள், மேலே கெட்டியான நார்ப்பட்டை, இரண்டும் விரிந்து கொடுக்காது. அதற்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகிறது, தசைநாண்களின் உறை தடித்தால் நசுங்குவது நரம்புதான். அதற்கு ரத்தம் குறையும், நாளானால் நரம்பின் மேலுறையே கெடும். கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலில் பாதி வரை அந்த நரம்பின் கணக்கு. சுண்டுவிரலின் நரம்பு இந்த வழிக்குள் வருவதே இல்லை. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் அழுத்தம் ஏறும், அதனால்தான் ராத்திரித் தொல்லை.

தையல் மட்டும் காரணமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. தைராய்டு குறைவு, முடக்குவாதம், கர்ப்பம் இவற்றிலும் இது வரும். கட்டைவிரல் அடிச்சதை வற்றும்வரை தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

இப்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுத் தூங்குகிறார். ஊக்கு, பொத்தான் தைப்பதெல்லாம் என் வேலை.