ஹெல்மெட்டுக்குள்ள மைக்கும் காத்தும் நானும்

பைக்ல மொதல் ரைடு வீடியோ எடுத்தப்ப மைக்னு ஒண்ணு தனியா வேணும்னே எனக்கு தோணல. கேமராவுலதான் மைக் இருக்கே, அது போதும்னு தாடைப்பக்கம் கேமராவை மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் வாய் ஓயாம பேசிட்டு வந்தேன். வந்து போட்டுக் கேட்டா "பர்ர்ர்ர்"னு ஒரே இரைச்சல். சிக்னல்ல நிக்கும்போது மட்டும் திடீர்னு என் குரல் தெளிவா வருது, அதுவும் எவனோ குறுக்க வந்தான்னு நான் திட்டுறது. உருப்படியா பேசினதெல்லாம் காத்தோட போச்சு, நெஜமாவே காத்தோட.

அப்புறம் எல்லாரும் பண்ற தப்பைத்தான் நானும் பண்ணேன், இன்னும் ஒசத்தியா ஒரு மைக் வாங்கினா சரியாயிடும்னு நெனச்சேன். ரிவ்யூல எல்லாம் "ரொம்ப சென்சிடிவ், குண்டூசி விழுந்தாக்கூட புடிக்கும்"னு புகழ்ந்திருந்த ஒரு காலர் மைக். வாங்கி மாட்டினா பழசைவிட மோசம்! ஏன்னு புரியவே கொஞ்ச நாள் ஆச்சு. அமைதியான ரூம்ல உக்காந்து பேசுறவங்களுக்கு செஞ்ச மைக் அது, சின்ன சத்தத்தையும் விடாம புடிக்கிறதுதான் அதோட வேலை. ஹெல்மெட்டுக்குள்ள நெலமை தலைகீழ். வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் தூரம்தான் இருக்கு, சுத்தி சத்தமா இருந்தா நம்மளை அறியாமலே குரலை ஒசத்திதான் பேசுவோம், இதுக்கு லொம்பார்ட் எஃபெக்ட்னு பேரே வச்சிருக்காங்க, இது பத்தாதுன்னு காத்து வேற. 100 கிலோமீட்டர் வேகத்துல போனா ஹெல்மெட்டுக்குள்ள காதுகிட்ட சத்தம் 90, 100 டெசிபல் பக்கம் சாதாரணமா போகும். (அதனால காதுக்கு இயர்பிளக் போடுங்க, மைக்கைவிட அது முக்கியம், சொல்லிட்டேன்.)

அதனால மைக் வாங்குறப்ப இப்ப நான் டப்பாவுல பாக்குறது ரெண்டே நம்பர். ஒண்ணு மேக்சிமம் எஸ்பிஎல், அதாவது எவ்ளோ பெரிய சத்தம் வரைக்கும் ரெக்கார்டிங் கரகரன்னு கிழியாம மைக் தாங்கும்ங்கிறது. 110 டெசிபலுக்குக் கீழ இருந்தா தொடமாட்டேன், 120 இருந்தா நிம்மதி. இன்னொண்ணு சென்சிடிவிட்டி. இது மைனஸ்ல போட்டிருக்கும், மைனஸ் 30ன்னா ரொம்ப சென்சிடிவ், மைனஸ் 45ன்னா கொஞ்சம் மந்தம். நமக்கு மந்தமானதுதான் வேணும். ரூம்ல பேசுறவன் குறைன்னு சொல்றது இங்க நமக்கு வரம்.

இதுல இன்னொரு குழப்பம் இருக்கு. வாய்ப்பக்கம் மட்டும் கேக்குற கார்டியாய்டு மைக் வாங்கினா சுத்தி இருக்கிற சத்தம் வராதுல்லன்னு கேப்பாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த டைப் மைக்குக்குத்தான் காத்தும் மூச்சும் பட்டா அதிகமா பொங்கும், வாய்க்கு ரொம்ப கிட்ட வச்சா குரல் குடத்துக்குள்ள பேசுற மாதிரி கும்முனு ஆயிடும். எல்லா பக்கமும் ஒரே மாதிரி கேக்குற ஆம்னி மைக்குக்கு இந்த ரெண்டு தொல்லையும் கம்மி. வாய்க்கு இவ்ளோ பக்கத்துல வைக்கிறதால நம்ம குரல்தான் எப்பவும் முந்தி நிக்கும், தூரம் பாதியா கொறைஞ்சா குரல் 6 டெசிபல் ஏறும், அந்தக் கணக்கு போதும்.

சரி, இப்ப காத்து. காத்து சத்தம்னு நாம சொல்றது எங்கேயோ தூரத்துலேருந்து வர்ற சத்தம் இல்ல, காத்து சுழிச்சுக்கிட்டு வந்து மைக்கோட டயாஃப்ரம், அதாவது சத்தத்துக்கு அதிர்ற மெல்லிசான தகடு மேலயே மோதுறது. மோத விடலைன்னா சத்தம் இல்ல. அதனால எந்த மைக்குங்கிறதைவிட எங்க ஒட்டுறோம்ங்கிறதுதான் பெரிய விஷயம், இதைப் புரிஞ்சுக்க நான் மூணு மைக் வாங்க வேண்டியிருந்துச்சு. மொதல்ல தாடைப்பட்டையோட நட்டநடுவுல, வாய்க்கு நேரா ஒட்டினேன். ப-ன்னு சொல்றப்பல்லாம் "டப் டப்"னு அடிச்சுது, மூக்குல விடுற மூச்சு நேரா அதுமேலதான் விழுது, போதாக்குறைக்கு தாடை வென்ட், அதான் காத்து வர்ற ஓட்டை, அதுக்குப் பின்னாடியே இருக்கு. ரெண்டு அங்குலம் ஓரமா நகத்தி, கன்னத்துப் பஞ்சு முடியுற எடத்துல, உதட்டோட ஓரத்துக்கு நேரா வச்சதும் பாதி பிரச்சினை போயிடுச்சு. அதே மைக், அதே செட்டிங். மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்சு தொப்பி, அதுக்கு மேல பூனைவால் மாதிரி புசுபுசுன்னு ஒரு உறை, தாடைக்குக் கீழ காத்து ஏறாம மறைக்கிற சின் கர்ட்டன் துணி, பேசும்போது தாடை வென்ட் மூடி. இவ்ளோதான். நல்ல வெயில்ல வென்ட் மூடுறது கொடுமை, ஒத்துக்குறேன்.

இதெல்லாம் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுக்கு. முகம் தெறந்த ஹெல்மெட்டுனா குச்சி மாதிரி நீட்டுற பூம் மைக்தான் வழி, ஸ்பாஞ்சு எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லது, வேகம் கூடினா அதுவும் கையை விரிச்சிடும். பாதி ஹெல்மெட் போடுறவங்க வீட்டுக்கு வந்து மேல வாய்ஸ் ஓவர் குடுத்துக்குறது உத்தமம்.

ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற வெள்ளை இபிஎஸ் நுரையை மைக்குக்காக சொரண்டாதீங்க. அடிபட்டா நசுங்கி தலையைக் காப்பாத்துறதே அந்த நுரைதான். வெல்க்ரோ, துணி டேப், பஞ்சுத் துணிக்குப் பின்னாடி வயர், இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

வயர்னதும் ஞாபகம் வருது, ஒரு முழு ரைடு எனக்கு சத்தமே இல்லாம ரெக்கார்டு ஆச்சு. காரணம் என்னன்னா பின்னு. பின்னுல ரெண்டு கறுப்பு வளையம் இருந்தா டிஆர்எஸ், கேமராவுக்கு. மூணு வளையம் இருந்தா டிஆர்ஆர்எஸ், போனுக்கு. பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரி, ரெண்டும் 3.5 எம்எம், நுழையவும் நுழையும், ஆனா சத்தம் வராது. நடுவுல ஒரு சின்ன மாத்து வயர் போட்டா முடிஞ்சுது. அதோட கோப்ரோ மாதிரி கேமராவுல 3.5 எம்எம் ஓட்டை நேரா கெடயாது, யுஎஸ்பி-சியில மாட்டுற மைக் அடாப்டரோ மீடியா மாடோ வேணும், அதை மாட்ட பக்கவாட்டு மூடியைக் கழட்டணும், கழட்டினா கேமரா மழை தாங்காது. இதை யாரும் மொதல்லயே சொல்ல மாட்டேங்குறாங்க.

வயர்லெஸ் போலாமான்னா போலாம். டிஜேஐ மைக் 2ங்கிற வயர்லெஸ் மைக்கோட டிரான்ஸ்மிட்டர், அதான் சட்டையில குத்துற பொட்டி, அதே கம்பெனி கேமரா ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோவோட ரிசீவர் இல்லாமலே சேரும், அது சவுகரியம். ஆனா அந்த டிரான்ஸ்மிட்டரை சட்டையில குத்திக்கிட்டு ஓட்டினா மறுபடி "பர்ர்ர்"தான், அதுல காலர் மைக் சொருகி அந்த மைக்கை ஹெல்மெட்டுக்குள்ள கொண்டு போகணும். அதே கம்பெனியோட மைக் மினியில அந்தச் சொருகுற ஓட்டையே இல்ல, பாத்து வாங்குங்க. ஹெல்மெட்ல மாட்டிப் பேசுற இன்டர்காம்லதான் மைக் இருக்கேன்னு ப்ளூடூத்ல கேமராவுக்கு அனுப்புறதும் பண்ணிப் பாத்துட்டேன், சாதாரணமா கால் பேசுற முறையிலதான் குரல் போகும், அது 8 இல்ல 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங், போன்ல பேசுற மாதிரிதான் கேக்கும்.

கடைசியா நான் வந்து நின்ன எடம், சாதாரண வயர் மைக், ஜாக்கெட் பாக்கெட்டுல ஒரு குட்டி ரெக்கார்டர். ஜூம் எஃப்2 மாதிரி 32 பிட் ஃப்ளோட்டுல எடுக்குறதா இருந்தா லெவல் வைக்கிற தலைவலி இல்ல, கத்தினாலும் முணுமுணுத்தாலும் எடிட்டிங்ல ஏத்தி எறக்கிக்கலாம். மைக்கே தாங்காம சத்தம் கிழிஞ்சா மட்டும் எதுவும் காப்பாத்தாது, மேல சொன்ன எஸ்பிஎல் அதுக்குத்தான். வேற ரெக்கார்டர்னா லெவலை தானா ஏத்தி எறக்குற ஆட்டோ கெயினை அணைச்சிட்டு சத்தமா பேசும்போது மைனஸ் 12 டெசிபல் பக்கம் வர்ற மாதிரி வச்சிக்கோங்க. ஆட்டோவுல விட்டா நான் பேசாத நேரத்துல காத்து மெதுவா மேல ஏறும், பேசினா அமுங்கும், அலை மாதிரி ஏறி எறங்கி தலை சுத்தும். கெளம்புறப்ப கேமரா முன்னாடி ஒரு தடவை கைதட்டிடுவேன், எடிட்டிங்ல வீடியோவையும் ரெக்கார்டர் ஆடியோவையும் சேக்குறதுக்கு. நீளமான ரைடுல ஆடியோ கொஞ்சம் கொஞ்சமா நழுவும், அப்பப்ப நிக்கிற எடத்துல இன்னொரு தட்டு. பாக்குறவங்க ஒரு மாதிரிதான் பாப்பாங்க.

ஒரு தடவை வயர் இருக்கிறதை மறந்து ஹெல்மெட்டைக் கழட்டி பின்னையே பிச்சிட்டேன். இப்ப கழுத்துக்குக் கீழ ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன், இழுத்தா அந்த ஜாயின்ட்ல கழண்டுக்கும். கீழ விழுந்தாலும் கழுத்தை இழுக்காது. இன்னொண்ணு, வண்டி சார்ஜர்ல கேமராவைச் சொருகிக்கிட்டு கேமராவுலயே மைக் மாட்டினா இன்ஜின் ஏற ஏற "ஙீஈஈ"னு ஒரு சத்தம் சேந்துக்கும், பவர்பேங்க்ல போட்டா போயிடும்.

டெஸ்ட் பண்றதா இருந்தா வீட்டுக்குள்ள "ஹலோ ஹலோ" சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆள் இல்லாத ரோட்டுல போயி, நாப்பது, அறுபது, எண்பதுன்னு வேகத்தை வாயால சொல்லிக்கிட்டே ஓட்டுங்க, திரும்பக் கேக்குறப்ப எந்த வேகத்துல குரல் முங்குதுன்னு அதுவே சொல்லிடும். எடிட்டிங்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை ஹை பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டினாலே மிச்ச உறுமல் நல்லாக் கொறையும்.

எனக்கு இப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, தலையைத் திருப்பும்போது வயர் ஜாக்கெட் காலர்ல ஒரசி "கர்ரக்"னு வருது. ரெண்டு எடத்துல டேப் ஒட்டியும் போகல, மைக்குக்குப் பக்கத்துலயே வயரை ஒரு சின்ன வளையமா சுத்தி ஒட்டிப் பாக்கணும் அடுத்த ரைடுக்கு.