சரியாக ஒரு வினாடி பிந்திய ஜிபிஎஸ் கடிகாரம்

வீட்டுக் கணினிகளுக்கு நேரம் சொல்ல ஜிபிஎஸ் கடிகாரம் ஒன்று அமைக்க நடந்த பதினொரு நாள் போராட்டம் நேற்றிரவு ஓய்ந்தது. ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினியில், நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி மென்பொருள் காட்டும் பிழை இப்போது இரண்டு மைக்ரோவினாடியைத் தாண்டுவதில்லை. இணையச் சர்வர்களை மட்டும் வைத்திருந்தபோது இரண்டு மூன்று மில்லிவினாடி ஆடிக்கொண்டே இருக்கும். தகவல் போக ஆகும் நேரமும் திரும்ப ஆகும் நேரமும் சமம் என்று என்டிபி (இணையம் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) கணக்குப் போடுகிறது. சமமில்லை என்றால் வித்தியாசத்தில் பாதி நம் கடிகாரத்தில் ஏறிவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய நியோ-6எம் ஜிபிஎஸ் ரிசீவர் பலகையில் நான்கே முனைகள். பிபிஎஸ் (வினாடிக்கு ஒரு துடிப்பு) உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள், ஆனால் அதற்கு முனையே இல்லை. சிப்பின் மூன்றாவது காலில் முடி போன்ற எனாமல் கம்பியை லென்ஸ் வழியே பார்த்துப் பற்றவைத்தேன். இரண்டு முறை பக்கத்துக் காலோடு ஈயம் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் முறை நின்றது. வாங்குகிறவர்கள் ஐந்து முனை உள்ள பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி மற்ற சர்வர்களை எடுத்துவிட்டேன். வீட்டிலுள்ள மூன்று கணினிகளும் பையோடு அழகாக ஒத்துப்போயின. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரை ஒப்பீட்டுக்காகச் சேர்த்துப் பார்த்தால், எல்லாமே சரியாக ஒரு வினாடி பின்னால்! சில மணி நேரம் க்ரோனி பிபிஎஸ்ஸை ஏற்கவே மறுத்தது. ஏற்றபோதெல்லாம் தவறான வினாடியில் உறுதியாக உட்கார்ந்தது.

பிபிஎஸ் துடிப்பு, வினாடி பிறந்த கணத்தைச் சொல்லும். எந்த வினாடி என்று சொல்லாது. அதை ரிசீவர் எழுத்தாக அனுப்பும் என்எம்இஏ வரிகள்தான் சொல்ல வேண்டும். அவை வரும் வேகம் 9600 பாட் என்றால் வினாடிக்கு 960 எழுத்து. என் அமைப்பில் எல்லா வரிகளும் வந்து முடிந்த பிறகே நேரம் பதிவானது. மொத்தம் ஐந்நூறு எழுத்துக்குக் குறையாது. அதாவது அரை வினாடிக்கு மேல் தாமதம். அந்தத் தாமதமாவது நிலையாக இருந்ததா? கண்ணில் படும் செயற்கைக்கோள்களைப் பட்டியலிடுவது ஜிஎஸ்வி வரி; நான்கு செயற்கைக்கோளுக்கு ஒரு வரி. வானத்தில் செயற்கைக்கோள் கூடினால் வரியும் கூடும், தாமதமும் நீளும். 0.6 வினாடியைத் தாண்டியதும், க்ரோனிக்கு முந்தைய வினாடியே பக்கத்தில் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. நாள் முழுக்கப் பதிவு எடுத்து, ஜிஎஸ்வி வரிகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

தேதியும் நேரமும் தரும் ஆர்எம்சி வரி தவிர மற்ற எல்லா வரிகளையும் நிறுத்தினேன். வேகத்தை 38400 ஆக்கினேன். எழுபது எழுத்து, இருபது மில்லிவினாடிக்குள் வந்துவிடுகிறது. ரிசீவர் கணக்கிட எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து அளந்தால் 0.12 வினாடி, அதைக் க்ரோனிக்கு ஆஃப்செட்டாக (ஈடுகட்ட வேண்டிய தாமதமாக) கொடுத்தேன். அளவு தெரியாமல் யாரோ தந்த ஆஃப்செட்டை அப்படியே ஒட்டுவது வீண் வேலை. உங்கள் பலகையை நீங்களே அளக்க வேண்டும்.

ஆண்டெனா இன்னும் ஜன்னலோரம்தான். மொட்டை மாடிக்கு ஏற்ற பத்து மீட்டர் கேபிள் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மின்வெட்டுக்கு டிஎஸ்3231 (பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்) ஒன்று வாங்கி வைத்தாயிற்று. பெட்டியின் மூடியை இன்னும் மூடவில்லை: மின்விசிறிக் காற்று படும்போதெல்லாம் பையின் கடிகாரப் படிகம் குளிர்ந்து அலைவெண் வரைபடம் சாய்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 86 மில்லிவினாடி. நாளை பஞ்சு வைத்து மூடிப் பார்க்கப்போகிறேன்.