ஆறு கடந்து மண்டூருக்கு

மட்டக்களப்பின் முருகன் தலமான மண்டூருக்குப் போக வழி இரண்டு. பட்டிருப்புப் பாலத்தால் ஏறி, போரதீவு, வெள்ளாவெளி என்று வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையைச் சுற்றி வரலாம். அல்லது களுவாஞ்சிகுடியில் இறங்கி, எருவில், மகிழூர் தாண்டிக் குருமண்வெளித் துறையில் பாதை, அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவை, ஏறலாம். நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கு ஆற்று வழிதான் பொருத்தம்; ஆறு என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியை. கடற்கரைப் பக்கமான எழுவான்கரையார் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போய் வந்தார்கள். விடியப்புறமே துறைக்கு வந்துவிடுவது நல்லது. கச்சான் என்கிற மேல்காற்று எழுந்தால் ஆறு அலையெடுக்கும், பாதை மெல்லத்தான் நகரும், பிள்ளைகளோடு வருபவர்கள் வெயிலில் காய வேண்டியதுதான். திருவிழாக் கடைசி நாட்களில் ஆட்டோவுக்குக் கேட்ட காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. அர்ச்சனைத் தட்டுக்காரர்களோ துறையிலேயே கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நேர்த்தியோடு வரும் சனத்திடம் இப்படிப் பறிப்பது பாவம். தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள்.

ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்கு இத்தனை சனம் திரளுவதற்கு வயலும் ஒரு காரணம். கோடையில் விளைகிற சிறுபோக நெல்லின் வெட்டு முடிகிற காலம் அது. மாரிப் போகம் மழையைப் பார்த்து விதைப்பது. சிறுபோகத்துக்கோ வாய்க்கால்தான் உயிர். போரதீவுப்பற்று வயல்களுக்கு நவகிரிக் குளம் தண்ணீர் தருகிறது. தெற்கே கல்லோயாத் திட்டம்: 1949இல் இங்கினியாகலையில் அணை வேலை தொடங்கியபின் பட்டிப்பளை ஆற்று நீரும் வாய்க்கால்களில் கட்டுப்பட்டது. எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது பூட்டுவது என்று போகத்துக்கு முன் கமக்காரர் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். முறை பார்த்து விடுகிற பொறுப்பு வயல்களை மேற்பார்க்கும் வட்டவிதானையுடையது. ஆனாலும் மேல் வயல்காரர் இரவில் வாய்க்காலை மறித்தால் கடைசி வயலுக்கு ஈரம்கூட வராது. கதிர் பூக்கும் வேளையில் ஒரு தண்ணீர் தவறினால் மிஞ்சுவது சப்பிதான், உள்ளே அரிசியில்லாத பதர். அந்தக் கிழமையில்தான் “மண்டூரானே, ஒரு மூட்டை உனக்கு” என்று வரம்பில் நின்று நேருவார்கள். அந்த நெல் அரிசியாகி அன்னதான மடத்துக்கு வந்து சேரும்.

மார்கழியில் கதை தலைகீழ். குளம் வான் பாய, வாய்க்கால்களும் நிரம்பி, எல்லா நீரும் வாவிக்கு ஓடிவரும். கல்லாற்று முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் வெள்ளம் கடலுக்கு இறங்க வழியில்லாமல் வயலுக்கே திரும்பும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்தான் வடியும். அந்த நாட்களில் வெள்ளாவெளி வீதியும் மூழ்கிவிடும். மாரியில் வர நினைப்பவர்கள் முதலில் வீதி நிலவரத்தை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

இந்தத் தலம் தில்லை மண்டூர். சூரனை வதைத்த வேலின் மூன்று கதிர்களில் ஒன்று உகந்தையிலும், ஒன்று திருக்கோவிலிலும், ஒன்று இங்கே தில்லை மரத்திலும் தங்கியது என்பது ஐதீகம். வேடர் கண்டெடுத்துப் பந்தல் போட்டு வணங்கிய வேல் இது. கொக்கட்டிச்சோலை, திருக்கோவில், சித்தாண்டி போல இதுவும் தேசத்துக் கோயில், ஓர் ஊருக்கு மட்டுமல்லாமல் பல ஊருக்கும் பொதுவான கோயில். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரும், குடிவழியாக உரிமை வரும் குடிமுறையும் இன்றும் உண்டு. புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை 1899இல் பிறந்ததும் இந்த மண்ணில்தான்.

கதிர்காமம் போலவே இங்கும் திரைக்குப் பின்னால்தான் பூசை. பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரம் இல்லை, மணியோசை மட்டும். முண்டியடித்து முன்னுக்குப் போனாலும் கண்ணுக்குக் கிடைப்பது அந்தத் திரைதான். ஆனால் மணி ஒலிக்கிற அந்தக் கணத்தில், முன்னால் நிற்பவருக்கும் வெளிவாசலில் கைகூப்பி நிற்கும் கிழவிக்கும் முருகன் ஒரே தூரத்தில்தான் இருக்கிறான். இதை அனுபவித்தவர்கள் இடத்துக்காகச் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

தீர்த்தமாடி சுவாமி திரும்பியபின் சுவாமிக்கு ஆலாத்தி (ஆரத்தி) எடுக்கும் பெண்பிள்ளைகள் மயங்கிச் சரிவார்கள். தூக்கிக்கொண்டு போய்த் தீர்த்தம் தெளித்துத்தான் எழுப்ப வேண்டும். தயவுசெய்து அப்போது வழி விடுங்கள், கைபேசியை உயர்த்திக்கொண்டு பிள்ளைகளைச் சூழ்ந்து நிற்காதீர்கள். அவர்கள் கண் திறக்கும்வரை எழும்புகிற “அரோகரா”வில் பத்து ஊரின் நன்றியும் சேர்ந்திருக்கிறது: தண்ணீர் தந்தாய், வெள்ளம் வடியச் செய்தாய், பிள்ளைக்குச் சுகம் தந்தாய், போனவனைத் திருப்பிக் கொண்டுவந்தாய், முருகா!