பொன்வண்டு என்பது ஒரே வண்டு அல்ல

கொல்லிமலை அடிவாரத்தில் வளர்ந்த எங்களுக்கு மழைக்காலம் என்றால் பொன்வண்டுக் காலம். உசிலை, வேல மரங்களின் தாழ்ந்த கிளைகளிலிருந்து அவற்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, இலைக்கொழுந்தைத் தீனியாகப் போட்டு, மறுநாள் காலையில் அரிசி போன்ற முட்டைகள் கிடக்கின்றனவா என்று திறந்து பார்ப்போம். கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிட்டதும் உண்டு. அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அன்று நாங்கள் ஒரே பெயரால் அழைத்தவற்றில் இரண்டு இனங்களாவது இருந்தன என்பது வெகு நாட்களுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. முதுகு முழுவதும் கருஞ்சிவப்பாகவும் கழுத்துப் பகுதி மட்டும் பச்சையாகவும் மின்னுவது ஸ்டெர்னோசெரா கிரைசிஸ். உடல் முழுவதும் பச்சையாக, இறக்கை உறைகளில் வெளிர்நிறப் புள்ளிகளுடன் இருப்பது ஸ்டெர்னோசெரா ஸ்டெர்னிகார்னிஸ். இரண்டின் கழுத்திலும், ஊசியால் நெருக்கமாகக் குத்தியது போன்ற குழிகளை வெறுங்கண்ணாலேயே காணலாம். அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதன்று. மேல்தோலில் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய படலங்கள் ஒளியைப் பிரதிபலிப்பதால் வருவது. ஆகையால்தான் செத்த வண்டின் உறையும் நிறம் மங்குவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸில் மஸ்லின் துணிமீது இந்த உறைகளை வைத்துத் தைத்ததும் அதனால்தான்.

ஆனால் உலகில் அறியப்பட்ட சுமார் 15,000 பொன்வண்டு இனங்களில் இவ்வளவு பகட்டானவை சிறுபான்மையே என்பது என் கணிப்பு. அக்ரிலஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை குச்சி போல ஒல்லியாக, ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாதவை. டிராகிஸ் என்ற இன்னொரு பேரினத்து வண்டுகள் அவற்றினும் சிறியவை. அவற்றின் புழுக்கள் இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே சதையைத் தின்றே வளர்கின்றன. ஸ்டெர்னோசெராவின் புழுவோ மண்ணுக்குள் வேர்களைத் தின்று வாழ்கிறது. இன்னும் பலவற்றின் புழுக்களுக்குப் பட்டுப்போன மரமே வீடு.

மலையேறும்போது இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் அடிவாரத்து முள்மரங்கள் மறைந்து, மேலே பலாவும் காப்பித் தோட்டங்களும் வந்துவிடுகின்றன. மரம் மாறினால் வண்டும் மாறுகிறது. நான் தீப்பெட்டியில் அடைத்த வண்டை மேலே ஒருமுறைகூடக் கண்டதில்லை.

சென்ற முறை தோட்டத்து ஓரம் கிடந்த காய்ந்த கிளை ஒன்றின் பட்டையை உரித்தேன். உள்ளே நைந்த மரத்தூள் இறுகிய வளைந்த தடங்களும், தலைப்பக்கம் மட்டும் தட்டையாக விரிந்த ஒரு வெள்ளைப் புழுவும் இருந்தன. பட்டையில் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும், பாதி நிலா வடிவில் நான்கு சிறு துளைகள். முதிர்ந்த வண்டுகள் வெளியேறிய வாசல்கள். தோட்டக்காரர் அந்தக் கிளையை அடுப்புக்கு ஒதுக்கியிருந்தார். கேட்டு வாங்கி, வேலிக்கு அப்பால் போட்டுவிட்டு வந்தேன்.