கொடியில் காய்ந்த வேட்டி

நேற்று இரவு 11.30 மணிக்கு நான் மாடிப்படிக்கு அடியில் டார்ச்சும் கையுமாகக் குந்தியிருந்ததற்குக் காரணம் திருடன் அல்ல, லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய்.

பாட்டி வீட்டுத் தேக்குக் கதவை அறுத்துச் செய்த என் பட்டறை மேசைக்கு மேலே என்ன பூசுவது என்று மூன்று வாரமாக நடந்த விவாதம், சின்ன மாமா பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நடக்கவில்லை. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து பிரெஞ்சு பாலிஷ் போட்டால் முகம் பார்க்கலாம் என்றார் ஆசாரி. சூடான டம்ளரை வைத்தாலே வெள்ளை வளையம் விழும் அந்தப் பூச்சு, எங்கள் வீட்டில் ஒரு காலைக் காபியைத் தாண்டாது. பெயிண்ட் கடைத் தம்பி சொன்ன பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் கண்ணாடிபோல் இருக்கும்தான், ஆனால் சுத்தியல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்தால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும், வழவழப்பில் இழைப்புளி போட்டால் கட்டை நம்மை விட்டு ஓடும். நல்லெண்ணெய் போதாதா என்ற அம்மாவிடம், அது பிசுபிசுப்பாகவே நிற்கும், எறும்பு வரும் என்றேன். "உன் தலையில் எத்தனை வருஷம் தேய்த்தேன், எந்த எறும்பு வந்தது?"

கடைசியில் காய்ச்சிய லின்சீட் எண்ணெயைப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைப் பழைய வேட்டித் துண்டுகளால் துடைத்தேன். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகும்போது சூட்டைக் கக்கும், துணியைச் சுருட்டி வைத்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பற்றக்கூடும் என்பதால், ஏழு துண்டுகளையும் கொடியில் கிளிப் போட்டு விரித்திருந்தேன். எதிர்வீட்டு வாத்தியார் கண்ணில் படும்படி அழுக்குத் துணி தொங்குவதைக் குடும்ப மானப் பிரச்சினையாகக் கருதிய அம்மா, அத்தனையையும் பந்தாகச் சுருட்டிப் படிக்கு அடியில், அதுவும் பழைய பேப்பர் கட்டின்மேல், செருகியிருந்தாள். பந்துக்குள் விரலை விட்டால், அப்போதுதான் ஈடு இறக்கிய இட்லித் துணிபோல வெதுவெதுப்பு.

வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்தாள். தீப்பிடிக்கும் கதை எதையும் அவள் காதில் வாங்கவில்லை, ஒரு துண்டை வெளியே எடுத்து, பச்சைக் கரையை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இது அப்பா வேட்டி இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை, இரண்டாம் பூச்சுக்காகப் போனால், மேசைமேல் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை கைக்குட்டை அளவில் சீராகக் கிழித்து அடுக்கப்பட்டிருந்தது. வாளி காலி. வேட்டித் துண்டுகளை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்க மனம் வரவில்லை. சுருட்டி வைக்காமல் இருந்தால் சரி.