தபால் செஸ்: 14 நகர்வும் ஓர் அசட்டுத்தனமும்

பெயர்தான் தபால் செஸ், நண்பரும் நானும் ஆடுவது திரையில். ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம். புத்தகம் பார்க்கலாம், எஞ்சின் (நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல்) கூடாது. (சர்வதேசத் தபால் செஸ் கூட்டமைப்பின் போட்டிகளில் எஞ்சினுக்கே தடையில்லை. எங்களுக்கு அது வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.) எனக்குக் கறுப்பு.

அவர் சிப்பாய் இ4 கட்டத்துக்கு, என்னுடையது இ5-க்கு, ஆளுக்கொரு குதிரை, அவருடைய மந்திரி சி4. நான் இன்னொரு குதிரையை எஃப்6-ல் இறக்கினேன். இந்தத் தொடக்கத்துக்கு இரு குதிரைத் தற்காப்பு என்று பெயர். அவர் யோசிக்கவே இல்லை, குதிரை ஜி5-க்குத் தாவியது. எஃப்7 சிப்பாய்மேல் இரண்டு காய்களின் குறி. டி5 தள்ளினேன், வெட்டினார்.

இந்த இடத்தில் மூன்று நாளும் முழுசாகப் போயின. குதிரையால் திருப்பி வெட்டினால், அவர் எஃப்7-ல் குதிரையைப் பலி கொடுத்து என் ராஜாவை நடுப்பலகைக்கு இழுப்பார். 1965-68 உலகத் தபால் செஸ் சாம்பியன்ஷிப்பில் எஸ்ட்ரினுக்கு எதிராக ஹான்ஸ் பெர்லினர் இதே நிலையில் பி5 தள்ளி ஜெயித்திருக்கிறார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எதிராளி பாதியில் வேறு வழி போனால் நான் பெர்லினர் இல்லையே! சரி என்று குதிரையை ஏ5-க்குத் தள்ளினேன்.

அப்புறம் அவர் செக், நான் சி6, அவர் வெட்டு, நான் வெட்டு. அவர் மந்திரி இ2-க்குப் பின்வாங்க, எச்6, இ4 என்று அவர் குதிரையை இரண்டு முறை துரத்தினேன். 13-வது நகர்வில் அவர் எச்3 ஆடியபோது எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் அவருடைய ராணிப் பக்கத்து யானை, குதிரை, மந்திரி மூன்றும் இன்னும் பிறந்த கட்டத்திலேயே இருந்தன. கொடுத்த சிப்பாய்க்கு இது நியாயமான விலை என்பது என் கணக்கு.

அசட்டுத்தனம் இங்கேதான். மேஜையில் பலகை வைத்து யோசிப்பது என் வழக்கம். அவர் மந்திரி ஜி5-க்கு வந்து எஃப்6 குதிரையை வெட்டினால், என் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய்கள் கலைந்துபோகுமே என்று இரண்டு சாயங்காலம் பயந்தேன். கடைசியில் எச்6 ஆடித் தடுக்கலாம் என்று திரையில் எச்7-ஐத் தொட்டால் கட்டம் காலி. அந்தச் சிப்பாய் 8-வது நகர்விலிருந்தே எச்6-ல்தான் நிற்கிறது. மேஜைப் பலகையில் நகர்த்த மறந்திருக்கிறேன்!

இரண்டு பேரும் கோட்டை கட்டி (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி) ராஜாவை ஓரமாக ஒதுக்கியாயிற்று. மந்திரியை எஃப்5-க்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. ஏ5 குதிரைதான் இன்னும் ஓரத்தில் சும்மா நிற்கிறது. சி4 வழியாகக் கொண்டுவரலாமா, பி7 வழியாகவா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை திரையைப் பார்த்து.